பங்குனி உத்திரத்து ஓநாய்: ஓநாய்மனிதன் கதையை நம்ம பக்கத்து ஊரில் வைத்து ஆடுவது எப்படி

ராத்திரியில் ஓநாயாக மாறுகிற ஓநாய்மனிதனை வைத்து, பகடை உருட்டிக் கதை பேசுகிற ஒரு ஆட்டம் போடுவோம் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது அவனைக் கொல்கிற வெள்ளித் தோட்டாவைத்தான். "மாமா, துப்பாக்கி உண்டா? வெள்ளி குண்டு எங்கன கிடைக்கும்?" என்பாள் என் தங்கை மகள். படம் பார்த்து வளர்ந்த பிள்ளை, வேறெப்படிக் கேட்கும்? ஆட்டத்தை நடத்தப்போகிற நீங்கள் அங்கிருந்து தொடங்கக் கூடாது. ஓநாயைப் பற்றி யோசிக்கும் முன்னால் அந்த ஆளைப் பற்றி யோசியுங்கள். அவன் யார் வீட்டு மருமகன், யாரிடம் கடன் வாங்கியிருக்கிறான், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவான். ஊருக்கே பிடித்த ஒருத்தன் ராத்திரி ஆட்டுக்கிடைக்குள் புகுகிறான். கதை அவ்வளவுதான். பல்லும் நகமும் கடைசி அரைமணி நேரம் வந்தால் போதும்.

நான் சொல்வது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகை ஆட்டம். சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, சந்தேகம் வரும் இடத்தில் இருபது பக்கப் பகடையை உருட்டிப் பார்ப்பது. கதை நடத்துகிறவரை டி.எம். என்போம். எனக்குப் பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு மொட்டைமாடி ஓலைக்கொட்டகையில் ஆடுவோம். தங்கை மகள், மச்சான், மதினி, பக்கத்து மருந்துக்கடைத் தம்பி, இவர்கள்தான் கூட்டம். அதனால் கீழே வரும் கணக்கெல்லாம் நாலு பேர், இரண்டாம் லெவல் (இன்னும் தேறாத புதுப் பாத்திரங்கள்), 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் சும்மாவே கிடைக்கின்றன. ஓநாய்மனிதனும் அதற்குள் இருக்கிறான். புத்தகம் வாங்கினால்தான் ஆடலாம் என்று யாரும் நிற்க வேண்டாம்.

பழைய கதைகளில் எதைத் திருடுவது

டி.எம். ஆகிறவர் படித்தே ஆக வேண்டிய ஓநாய்க் கதை ஒன்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் பெட்ரோனியஸ் எழுதியது. நிலா வெளிச்சத்தில் ஒருவன் ஒரு பட்டாளத்துக்காரனோடு ஊருக்கு வெளியே நடந்துபோகிறான். கல்லறைகள் இருக்கிற இடம் வந்ததும் கூட வந்தவன் துணியை அவிழ்த்து வழியோரம் வைத்து, அதைச் சுற்றி மூத்திரம் பெய்து, ஓநாயாகி ஊளையிட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடுகிறான். துணியை எடுக்கப் போனால் கல்லாய்க் கிடக்கிறது. இவன் அலறியடித்துத் தன் காதலியின் பண்ணைக்குப் போய்ச் சேர்கிறான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் உதவியாக இருந்திருக்குமே, ஓநாய் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறிவிட்டது, ஆனாலும் எங்கள் ஆள் அதன் கழுத்தில் ஈட்டியால் குத்திவிட்டான் என்கிறாள் அவள். விடிந்து வீட்டுக்கு வந்தால், பட்டாளத்துக்காரன் கட்டிலில் கிடக்கிறான். வைத்தியர் அவன் கழுத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு மத்தியானத்து ஆட்டத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மிருகத்துக்குப் பட்ட காயம் மறுநாள் மனிதன் உடம்பில் தெரியும். இந்த ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் துப்பறியும் பகுதி தானாக ஓடும்.

அடுத்தது பிளினி எழுதிவைத்த ஆர்க்கேடியா நாட்டுக் கதை. ஒரு குடும்பத்தில் சீட்டு விழுந்தவன் துணியை ஓக் மரத்தில் தொங்கவிட்டு, நீர்நிலையை நீந்திக் கடந்து, அக்கரையில் ஓநாயாக ஒன்பது வருசம் திரிவான். அந்த ஒன்பது வருசமும் மனிதரைத் தொடாமல் இருந்தால் மறுபடி நீந்தி வந்து மனிதனாகலாம். பிளினியே இதை நம்பவில்லை. நாம் ஏன் நம்ப வேண்டும், ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் போயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரி தெ பிரான்ஸ் பிரெஞ்சில் பாடிய கதையிலும் இந்தத் துணிதான் வருகிறது. ஓநாயாகப் போன பிரபுவின் துணியைப் பெண்டாட்டி ஒளித்துவைத்துவிடுகிறாள். அவன் மனிதனாக முடியாமல் ஓநாயாகவே ராஜாவின் காலடியில் வந்து கிடக்கிறான்.

இதைப் படித்தபோது எனக்குத் திருமூலர்தான் ஞாபகம் வந்தார். மாடு மேய்க்கிற மூலன் செத்துக் கிடக்க, பசுக்கள் கதறுவதைப் பொறுக்காமல் அவன் உடம்புக்குள் புகுந்தார். திரும்பி வந்து பார்த்தால் தன் உடம்பை வைத்த இடத்தில் காணோம். அப்புறம் மூலனாகவே இருந்துவிட்டார். கழற்றி வைத்ததை எவனாவது எடுத்துவிட்டால் திரும்ப வழியில்லை. உங்கள் ஆட்டக்காரர்களுக்கு இந்த நியாயம் சொல்லாமலே புரியும். அதேபோல் மாணிக்கவாசகருக்காக நரிகள் குதிரையாகி மதுரைக்கு வந்த கதை. ராத்திரியானதும் பழையபடி நரியாகி, லாயத்தில் கட்டியிருந்த நிஜக் குதிரைகளைக் கடித்துப்போட்டுவிட்டு ஓடின. பகலில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்பதெல்லாம் நமக்கு ஐரோப்பாவிலிருந்து வர வேண்டிய சரக்கு கிடையாது.

வெள்ளியும், கடித்தால் தொற்றும் என்பதும் இவ்வளவு பிரபலமானது 1941-ல் வந்த 'தி வுல்ஃப் மேன்' என்ற ஹாலிவுட் படத்துக்கு அப்புறம்தான். பௌர்ணமி பௌர்ணமிக்கு மாறுவான் என்பது 1943-ல் வந்த அதன் தொடர்ச்சியில் கெட்டிப்பட்டது. பிரான்சில் 1764 முதல் 1767 வரை ழெவோதான் வட்டாரத்தைக் கலக்கிய மிருகத்தை வெள்ளிக் குண்டால் சுட்டார்கள் என்பதும் பிற்பாடு ஒட்டவைத்தது. ஆகவே "அது அப்படி இல்லையே" என்று யாராவது விதி பேசினால் அசர வேண்டாம். உங்கள் ஊர் ஓநாய்க்கு நீங்கள் வைத்ததுதான் சட்டம். என்ன, ஒன்றை வைத்தால் கடைசிவரை மாற்றக் கூடாது.

எந்த ஊர், எந்த நாள்

நான் வைக்கிற ஊருக்குப் பெயர் கீழமருதடி. வரைபடத்தில் தேடாதீர்கள். தாமிரபரணியிலிருந்து கால்வாய் வந்து நிரப்பும் ஒரு பெரிய குளம், குளக்கரையில் மருதமரங்கள், கரை முடிகிற இடத்தில் ஒரு சாஸ்தா கோவில். மின்சாரம் வராத காலம். பிசானம் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கிறது. உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். நாள், பங்குனி உத்திரம்.

இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நம்ம பக்கத்தில் பிழைக்கப்போனவன் எந்தச் சீமையில் இருந்தாலும் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிட வந்துவிடுவான். ஆக நாலு ஆட்டக்காரர்களும் நாலு திசையிலிருந்து ஒரே ஊருக்கு வந்து சேர்வதற்கு நீங்கள் தனியாகக் காரணம் கற்பிக்க வேண்டாம். "நாலு பேருக்கும் ஒரே சாஸ்தா" என்றால் முடிந்தது. பௌர்ணமியும் தானாக அமைந்துவிடுகிறது. முதல் நாள், உத்திரத்தன்று, மறுநாள் என்று மூன்று ராத்திரிக்கு அவன் மாறுவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வெளியூர்க் கூட்டம் இருப்பதால் யார்மேலும் சந்தேகம் போகும். இருட்டே வேண்டும் என்கிறவர்கள் ஆடி அமாவாசையை வைத்து, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய்க் காட்டுக்குள் தங்குகிற கூட்டமாக ஆடலாம். அதுவும் நன்றாக வரும், ஆனால் அது வேறு கதை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாடனையும் இசக்கியையும் எதிரியாக வைத்து ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்கிற புள்ளி) போடாதீர்கள். கொடைக்கு ராத்திரி சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவதை எடுத்து, அப்படியே ஓநாய் காட்சியாக்கினால் அட்டகாசமாக இருக்கும் என்று தோன்றும். தோன்றட்டும். உங்கள் கூட்டத்தில் ஒருவருக்காவது அது வீட்டுச் சாமி. கோவில் பின்னணியில் இருக்கட்டும், மணிச்சத்தம் கேட்கட்டும், அதோடு நிறுத்துங்கள்.

ஓநாயா, செந்நாயா

நான் கதை தயார் பண்ணுவதைப் பார்த்துவிட்டு ஆச்சி சொன்னாள்: "அது என்னலே ஓநா? நம்ம பக்கம் நரிதாம்ல கத்தும்." ஆச்சி சொன்னதில் விசயம் இருக்கிறது. நம் மேற்கு மலையில் ஓநாய் கிடையாது. செந்நாய் உண்டு. 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆன களக்காடு முண்டந்துறையில் அது கூட்டமாக வேட்டையாடுகிறது. செந்நாய் ஓநாய் மாதிரி ஊளையிடாது, விசில் அடித்துக் கூப்பிடும். விதிப்புத்தகத்தில் ஓநாய்க்குப் போட்ட எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்பு ரோமமும் கறுத்த வாலும் கொடுத்து, ஊளைக்குப் பதில் ஒரு மெல்லிய விசிலைப் போடுங்கள். நடுராத்திரி களத்துமேட்டில் எவனோ விசில் அடிக்கிறான் என்று எழுந்துபோகிறவன்தான் முதல் பலி. படத்தில் பார்த்த ஊளைக்குப் பழகிப்போன பிள்ளைகள் இதற்கு நிமிர்ந்து உட்காரும். புலிதான் வேண்டும், கரடிதான் வேண்டும் என்றாலும் விதியில் இடமுண்டு. 1974-ல் வந்த இந்த ஆட்டத்தின் முதல் பெட்டியிலேயே ஓநாய், பன்றி, புலி, கரடி என நாலு வகை மாறுமனிதர்கள் இருந்தார்கள்.

ஆள் யார்

என் கதையில் ஓநாய் பேச்சிமுத்து அண்ணாச்சி. குளத்து மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர். மம்பட்டியும் அரிக்கேன் விளக்கும் கையுமாக ராத்திரியில் திரிவதுதான் அவருக்கு வேலை. அதனால் அவரை அகாலத்தில் எங்கே பார்த்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். குளத்தை இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரே மூச்சில் நீந்துவார். வேட்டியையும் துண்டையும் ஒரு மருதமரத்துக் கவட்டையில் வைத்துவிட்டு நீந்திப்போவார். அக்கரை ஏறும்போது மனிதனாக ஏறமாட்டார்.

ஆட்டம் தொடங்கி முதல் ஒரு மணி நேரம் இவரை ஆட்டக்காரர்களுக்குப் பிடித்துப்போக வைப்பதுதான் உங்கள் வேலை. இதில் அவசரப்படாதீர்கள். வண்டிச் சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டதா, முதுகைக் கொடுத்துத் தூக்கிவிடுவது பேச்சிமுத்து. பொங்கல் வைக்க விறகு ஈரமாக இருக்கிறதா, காய்ந்த பனைமட்டை கொண்டுவந்து போடுவது பேச்சிமுத்து. "எந்த ஊர்ல இருந்து வந்திருக்கிய? சாப்பிட்டியளா?" என்று முதலில் கேட்கிறவரும் அவர்தான். சாயங்காலம் ஒரு கோர்வை கெளுத்தி மீனைக் கொண்டுவந்து மதினியின் பாத்திரத்திடம் கொடுக்கச் செய்தேன். அப்புறம் மதினி கடைசிவரை அவர்மேல் சந்தேகப்படுகிறவர்களிடம் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்.

இவருக்கு எப்படி இது வந்தது? கடித்துத் தொற்றியது என்பது லேசான வழி. எனக்கு அதைவிடப் பிடித்தது லிவோனியா நாட்டில் 1692-ல் விசாரணைக்கு வந்த தீஸ் என்ற கிழவர் சொன்னது. எண்பது தாண்டியவர். ஆமாம், நான் ஓநாய்தான் என்று நீதிபதிகளிடமே ஒத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் கடவுளின் வேட்டைநாய்கள், சூனியக்காரர்கள் நரகத்துக்குக் கொண்டுபோகிற தானியத்தையும் விளைச்சலையும் சண்டை போட்டு மீட்டுவருகிறோம் என்றார். நீதிபதிகள் எவ்வளவு கேட்டும் மாற்றிப் பேசவில்லை. கசையடி கொடுத்து நாடு கடத்தினார்கள். இதை நம்ம பக்கத்துக்குக் கொண்டுவருவது சுலபம். கார் சாகுபடிக்கு வைத்திருந்த விதைநெல் ஊரில் முளைக்காமல் போகிறது. அதை மீட்க ஒருத்தன் ராத்திரியில் குளத்தைத் தாண்டிப் போகிறான். வரும் வழியில் பசி தாங்காமல் கிடையில் கைவைத்துவிடுகிறான். அவனைக் கொன்றால் ஆடு பிழைக்கும், விதைநெல் போய்விடும். ஆட்டக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்கிற நிமிசத்தில் மாடியில் ஒரே கூச்சலாக இருக்கும்.

முதல் ராத்திரி

விதிப்படி ஓநாய்மனிதனுக்கு 58 ஹிட் பாயின்ட். தற்காப்பு எண் (அடிக்கிறவர் பகடை இதை எட்டினால்தான் அடி படும்) மனித உருவில் 11, ஓநாய் உருவில் 12. வென்றால் 700 அனுபவப் புள்ளி. நாலு இரண்டாம் லெவல் ஆட்களுக்கு 600 கடினம், 800 உயிருக்கு ஆபத்து என்பது புத்தகக் கணக்கு. அதாவது இவன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். எண்ணைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வெள்ளி பூசாத, மந்திரம் இல்லாத ஆயுதத்தால் வெட்டினாலும் குத்தினாலும் அடித்தாலும் 2014 விதிகளில் இவனுக்கு ஒன்றுமே ஆகாது.

இதை வாயால் விளக்காதீர்கள், காட்டுங்கள். கிடையில் நாய் குரைப்பு திடீரென்று நிற்கிறது. ஓடிப்போகிறார்கள். மச்சான் பகடை உருட்டி பதினெட்டு விழுந்து அருவாளை இறக்குகிறார். "பட்டது. தோளில் சரியாக இறங்கியது. உருவி எடுத்தால் அருவாளில் ரத்தம் இல்லை, ரோமம் இரண்டு ஒட்டியிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அடுத்து யாராவது தீப்பந்தத்தை எடுப்பார்கள். எடுக்காவிட்டால் கிடைக்காரர் கையில் ஒன்றைக் கொடுத்து நீட்டச் செய்யுங்கள். நெருப்பைத் தாங்கும் சலுகை விதியில் அவனுக்கு இல்லை. பந்தத்தால் ஒரே ஒரு புள்ளிதான் குறையும், அது போதும். வலது தோளில் சூடு வாங்கிக்கொண்டு அது குளத்தை நோக்கி ஓடுகிறது. தண்ணீரில் விழுகிற சத்தம். இதற்கு மேல் அன்று ராத்திரி ஒன்றும் நடக்கக் கூடாது.

கதை சொல்லும்போது ஒரு உபாயம். வில்லுப்பாட்டில் அண்ணாவி சொல்லச் சொல்லப் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார் இல்லையா, அந்த வேலையை ஆட்டக்காரர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். "நாய் குரைக்கல..." "ஆமா." "ஆடும் கத்தல..." "ஆமா." எங்கள் மருந்துக்கடைத் தம்பி இதில் கெட்டிக்காரன். அவன் "ஆமா" போடாமல் நிறுத்துகிற இடத்தில் எல்லோருக்கும் மயிர்க்கூச்செறியும்.

மறுநாள் பகல்

இப்போது ஊர் முழுக்கச் சூடுபட்ட ஆள் யார் என்று தேடுவார்கள். மூன்று பேருக்குக் காயம் இருக்கட்டும். இசக்கியம்மாள் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறவள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கொப்புளம், அது அவளுக்கு வாரம் தவறாமல் வருவது. கொல்லர் சுடலைமுத்துவுக்கு உலைப்பொறி தெறித்த தழும்புகள், எது புதுசு எது பழசு என்று அவருக்கே தெரியாது. மூன்றாவது பேச்சிமுத்து. அவர் காயத்தை நீங்கள் காட்டவே கூடாது.

காட்டாமல் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? துண்டால். பங்குனி வெயில், வயல்காட்டில் எவரும் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கமாட்டார். அதோடு, சாஸ்தா சந்நிதிக்கு முன்னால் ஆண்கள் எல்லோரும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். தீபாராதனை நேரத்தில் கூட்டத்தை வர்ணியுங்கள். பெரியவர் துண்டு இடுப்பில், பையன் துண்டு இடுப்பில், பேச்சிமுத்து அண்ணாச்சி மட்டும் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்புக்குக் காவல் இருக்கிறார். "உள்ள வாங்களேன் அண்ணாச்சி" என்றால், "நீங்க பாருங்க, நான் பெறவு வாரேன்" என்கிறார். இதைச் சொல்லிவிட்டு உடனே பொங்கல் வாசனைக்குத் தாவிவிடுங்கள். அழுத்திச் சொன்னால் கெட்டது. எங்கள் கூட்டத்தில் தங்கை மகள் இரண்டு காட்சி தள்ளி, வாயில் முறுக்கோடு, "மாமா, அவரு ஏன் துண்டை எடுக்கல?" என்றாள். மதினி அவளை முறைத்த முறைப்பை ஜெராக்ஸ் எடுத்து வைக்கலாம்.

இதே பகலில் ஊர்க்கூட்டம் தப்பான ஆளைப் பிடிக்க வேண்டும். 1589-ல் ஜெர்மனியில் கொலோன் பக்கம் பெட்பூர்க் ஊரில் பீட்டர் ஸ்டும்ப் என்பவனை ஓநாய் என்று கொன்றார்கள். சைத்தான் கொடுத்த கச்சையைக் கட்டினால் ஓநாயாவேன் என்று அவன் சொன்னது சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலம். இப்படிப்பட்ட வழக்குகள் ஐரோப்பாவில் நிறைய. உங்கள் ஊரில் அந்த இடத்துக்கு, குளத்தங்கரையில் தங்கி அம்மி கொத்திப் பிழைக்கும் வெளியூர்க்காரர் ஒருவரை வையுங்கள். உளி வழுக்கிக் கையில் எப்போதும் கட்டு. ஊர்க்காரர்களுக்கு அவர் பாஷை சரியாகப் புரியாது. ஆறு புளியங்கொட்டையை நடுவில் வைத்து, ஆட்டக்காரர்கள் பேசியே நேரத்தைக் கழிக்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்துவிடுங்கள். எதற்கு எடுக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டாம். ஆறும் தீர்ந்தால் ஊர் கம்போடு கிளம்பிவிடும். இரண்டு கொட்டைதான் மிச்சம் என்கிறபோது மச்சான் மாதிரி நிதானமான ஆள்கூட எழுந்து நின்று பேசுவார்.

வெள்ளி

புத்தகத்தில் ஒரு ஆயுதத்துக்கோ பத்து அம்புக்கோ வெள்ளி பூச 100 தங்கக்காசு என்று போட்டிருக்கும். இரண்டாம் லெவலில் யாரிடமும் அது இருக்காது, இருக்கவும் கூடாது. கீழமருதடியில் வெள்ளி இருக்கிற இடங்கள் எல்லோருக்கும் தெரியும்: கொலுசு, மெட்டி, கைக்குழந்தையின் அரைஞாண், குங்குமச் சிமிழ். ஒரு அருவாள் வாய்க்குப் பூசும் அளவு வெள்ளியை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கட்டும். யாரும் சும்மா தரக் கூடாது. ஒருத்தி கொலுசு தருவாள், ஆனால் கிடைக்காரன் தன் அப்பாவிடம் வாங்கிய கடனைத் தீர்த்துவைக்கச் சொல்வாள். இன்னொருத்தி எதுவும் கேட்காமல் பிள்ளையின் அரைஞாணைக் கழற்றிக் கொடுப்பாள். அது முதல் ராத்திரி விசில் கேட்டுப் போய்ச் செத்தவனின் பிள்ளை. பேச்சிமுத்துவின் சம்சாரம் மாடத்தி வீட்டுக்கும் போவார்கள். அவள் ஒரு மெட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எதுக்குக் கேக்கிய?" என்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாயால் அதைச் சொல்லவைக்காதீர்கள்.

வாங்கின வெள்ளி கொல்லர் சுடலைமுத்துவிடம் போகிறது. ஒரே ஒரு அருவாளுக்குத்தான் தேறும். யார் பிடிப்பது என்பதை அவர்களே சண்டை போட்டு முடிவுசெய்யட்டும்.

கடைசி ராத்திரி

மூன்று வழியைத் திறந்து வையுங்கள். வெள்ளி அருவாளோடு நேரே மோதலாம். நெருப்பும் வெள்ளியும் சேர்ந்தால் நாலு பேரால் முடியும், ஒருவர் விழுந்தாலும் விழுவார். அல்லது மருதமரத்துக் கவட்டையில் இருக்கும் வேட்டியைக் கண்டுபிடிக்கலாம். அதை எரித்தால் அவர் ஓநாயாகவே நிற்பார். பத்திரமாக வைத்திருந்து, விடிகிற நேரம் கரையில் நீட்டினால் பேசலாம். மூன்றாவது, விதைநெல் எங்கே போகிறது என்று அவரோடு சேர்ந்து அக்கரைக்குப் போவது. அப்படிப் போனால் அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். எந்த வழி நடந்தாலும் நீங்கள் முன்கூட்டி முடிவை எழுதி வைக்காதீர்கள். எழுதி வைத்தால் அதை நோக்கி அவர்களை இழுப்பீர்கள், அது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கடிபட்டால்

ஓநாய் உருவில் கடித்தால், கடிபட்டவர் உடல்வலுவுக்குப் பகடை உருட்டி 12 அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சாபம் ஒட்டிக்கொள்ளும். சாபத்தை நீக்கும் மந்திரம் மூன்றாம் படியைச் சேர்ந்தது, குருமார் வகைப் பாத்திரத்துக்கு ஐந்தாம் லெவலில்தான் வரும். பிறவியிலேயே ஓநாயாக இருப்பவனுக்கு அதுவும் பலிக்காது. இரண்டாம் லெவல் கூட்டத்துக்கு இப்போதைக்கு மருந்து இல்லை என்று அர்த்தம். அடுத்த கதைக்குப் பொதிகைப் பக்கம் மூலிகை தேடிப் போகவைக்க நல்ல சாக்கு. ஆனால் தன் பாத்திரம் ஓநாயாவது சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது, அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே "உங்க ஆளு ஓநாயானா சரிதானா?" என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகிற காட்சி வேண்டுமா வேண்டாமா என்பதையும் அப்போதே. மதினி வேண்டாம் என்றார், எங்கள் ஊர் ஓநாய் பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கடிபட்டது யாருக்கு ஒட்டியது என்பதை ரகசியமாக வைக்க ஆசையா? அந்தப் பகடையை நீங்களே மறைத்து உருட்டுங்கள். ஏ4 தாளை எட்டாக மடித்துக் கிழித்தால் எட்டு சீட்டு. கடிபட்டவர், படாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி மடித்த சீட்டைக் கொடுங்கள். மூன்றில் "உமக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் கொஞ்சநேரம் உற்றுப் பாரும்" என்று எழுதியிருக்கட்டும். நாலாவதில் விசயத்தை எழுதுங்கள். எல்லா எழுத்தும் ஒரே நீளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்கிற நேரத்தை வைத்தே பிடித்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளை மறக்காமல் திரும்ப வாங்கிவிடுங்கள். "அடுத்த பௌர்ணமிக்கு நீ ஆளைக் கடிப்பாய்" என்று என் கையெழுத்தில் எழுதிய சீட்டு மச்சான் சட்டைப்பையில் இருந்து, சலவைக்குப் போடும்போது அத்தை கையில் சிக்கியது. அதை என்னவென்று விளக்க நான் தனியாக ஒரு சாயங்காலம் போய்வர வேண்டியிருந்தது.